பூசணி எழுத்து

தம்பிக்கு எழுத்து வரைகிற தொழில். கதை கவிதை எழுதுகிற எழுத்து இல்லை. கடைப் பலகையிலும் பாக்கெட்டிலும் திரையிலும் நாம் பார்க்கிற எழுத்துகளின் உருவத்தை, அகரம் முதல் கடைசிப் புள்ளி வரை, ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி முகச்சாயல் விடாமல் வரைந்து கொடுப்பது. அப்படி ஒன்றைப் புதிதாக முடித்திருந்தான். அதை வெளியிட ஒரு விழா வைத்தார்கள். அம்மாவும் அக்காவும் முன்வரிசையில் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

அக்காவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். போன வருஷம் அவன் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு, அவளும் அம்மாவும் இருக்கிற வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தான். அம்மாவுக்கு முட்டிவலி. எல்லாம் அக்கா தலையில். அவனைத் தூக்கி உட்கார வைத்து, குளிப்பாட்டி, ஊட்டி, அதற்கப்புறம் வேலைக்கு ஓடுவாள். அப்படிக் கிடந்தவன் எழுந்து நின்று மேடையேறுகிறான் என்றால் சந்தோஷம் இல்லாமல் இருக்குமா? புதுத் துணி எடுத்தாள், அரைநாள் லீவு சொன்னாள், அம்மாவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

விளக்கு அணைந்து திரையில் எழுத்துருவின் பேர் வந்தது. பூசணி.

வீட்டில் அவளுக்கு அதுதான் பேர். குழந்தையில் கொழுகொழுவென்று இருந்தாள் என்று அம்மா வைத்தது, அவள் வளர வளர அதுவும் கூடவே வளர்ந்தது. தம்பி பேசத் தொடங்கியபோது அக்கா என்று சொல்லவில்லை, பூசணி என்றான். எல்லோரும் கைதட்டினார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பேர் பின்னாலேயே வந்து அவளைப் படுத்தி எடுத்தது. வேலைக்குப் போன பிறகுதான் விட்டது சனியன் என்று இருந்தாள்.

தம்பி நன்றாகத்தான் பேசினான். எழுத்து குண்டு குண்டாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் தொந்தி, உள்ளே இருக்கவேண்டிய வெள்ளை இடமெல்லாம் சுருங்கி மிளகு அளவுக்கு நின்றது. ஒன்றும் ஒரே கோட்டில் நிற்காமல், ஒன்று எம்பிக் குதித்தது, பக்கத்தில் இருப்பது அதன்மேல் சாய்ந்தது. மெய்யெழுத்துகளின் தலைமேல் புள்ளிகள் பந்து மாதிரி உட்கார்ந்திருந்தன. பார்த்தவுடனே சிரிப்பு வரும் எழுத்து.

"இதெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சுன்னு கேக்குறீங்களா?" என்றான் தம்பி. அடுத்தடுத்து படங்கள் வந்தன. படுக்கையிலிருந்து செல்போனில் எடுத்தவை. அக்கா பலகையில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள், பக்கத்திலேயே 'இ'. ஜன்னலுக்கு வெளியே அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள்; பக்கத்தில் 'ஞ'. அக்கா வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறாள், பக்கத்தில் 'ஒ'. அரங்கமே கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் தானும் சிரித்துவிட வேண்டும் என்பது அவள் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட பாடம். அப்படிச் செய்தால் பாதி வலிதான் இருக்கும்.

"இதை எதுக்கெல்லாம் வெச்சுக்கலாம்? நொறுக்குத் தீனி, ஐஸ்க்ரீம், குழந்தைங்க சாமான், தள்ளுபடி விற்பனை. எதுக்குக் கூடாது? சாவு சேதி, கோர்ட் நோட்டீஸ், மருந்து பாட்டில்." தம்பி அவள் பக்கம் கையை நீட்டினான். "மொத்தத்துல, சீரியஸா எதையும் இவகிட்ட கொடுத்துடாதீங்க!"

எல்லோரும் திரும்பி அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள் வந்து, "நீங்கதான் பூசணியா?" என்று பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"உன்னை எங்கேயோ கொண்டுபோய் வெச்சுட்டான் பாருடி என் பிள்ளை" என்றாள் வீட்டுக்கு வரும் வழியில்.

"ஆமாம்மா" என்றாள் அக்கா. புதுத் துணியைக் கழற்றி மடித்துப் பீரோவின் அடியில் வைத்தாள். அதற்கப்புறம் தம்பியின் போனை எடுக்கவில்லை. கேட்டால் வேலை அதிகம் என்று சொல்லும்படி அம்மாவிடம் சொல்லிவைத்தாள்.

அக்காவின் வேலை என்ன என்று சொல்லவேண்டும். தொழிற்சாலைகளுக்குப் போய்த் தீப்பாதுகாப்பைச் சோதிக்கிற அதிகாரி அவள். கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா, வழியில் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா, மின்சாரம் போனால் ஆட்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று பார்ப்பாள். உள்ளே நுழையும்போது அவள் உருவத்தைப் பார்த்து நமுட்டுச் சிரிப்புச் சிரிக்காத மேலாளர் குறைவு. அவள் திரும்பும்போது அந்தச் சிரிப்பு இருக்காது. அதைச் சம்பாதிக்க அவளுக்கு வெகுகாலம் ஆகியிருந்தது. விழாவில் தம்பி பேசியதை யாரோ படம்பிடித்துப் போட்டுவிட, அது கைக்குக் கை மாறி அலுவலகத்துக்கும் வந்துவிட்டது. "மேடம், அந்த பஸ்ஸுக்கு ஓடுற 'ஞ' சூப்பர்" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் கெட்ட மனிதர் இல்லை. அவள் அதற்கும் சிரித்துவைத்தாள்.

அதற்குள் எழுத்து ஊரெல்லாம் பரவியிருந்தது. ஐஸ்க்ரீம் வண்டியில், செருப்புக்கடையில், குழந்தைகளின் டயப்பர் மூட்டையில், பஸ்ஸின் முதுகில். எங்கே திரும்பினாலும் தன் தொந்தியும் தன் நடையும் எதிரே வருகிற மாதிரி இருந்தது அவளுக்கு. ஒருநாள் பல் மருத்துவர் வாசலில் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே திரும்பி வந்துவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் அந்த பிஸ்கட் ஆலைக்குச் சோதனைக்குப் போகவேண்டி வந்தது. அவர்களுடைய புது பாக்கெட்டெல்லாம் பூசணி எழுத்து. பாக்கெட் மட்டுமா? லாரி, கேன்டீன் சுவர், கைகழுவும் இடம், தொழிலாளர்கள் போட்டிருந்த தொப்பி, எல்லாம் அதே. பேக்கிங் கூடத்தின் கோடியில் கதவுக்கு மேலே இருந்த பலகையும் அதே எழுத்தில் குதித்துக்கொண்டிருந்தது: அவசர வழி.

அக்கா வழக்கமாகச் செய்கிறபடி ஒத்திகை வைத்தாள். விளக்கை அணைத்து, புகைக்கருவியை வைத்து, மணியடித்தாள். கூடத்தில் இருந்த பெண்கள் எல்லோரும் எழுந்தார்கள். எழுந்து, பக்கத்திலேயே இருந்த அவசரக் கதவை விட்டுவிட்டு, தினமும் வந்துபோகிற பெரிய வாசலை நோக்கி மொத்தமாக ஓடினார்கள். அங்கே அட்டைப்பெட்டிகள். முன்னால் போனவர்கள் தடுக்கி நிற்க, பின்னால் வந்தவர்கள் மோத, ஒரு பெண் கீழே விழுந்து அவள் கையை யாரோ மிதித்துவிட்டார்கள். விளக்கைப் போட்டபோது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவசரக் கதவு பக்கம் ஒருவர்கூடப் போகவில்லை.

பலகையை மாற்றும்வரை பேக்கிங் கூடம் இயங்கக் கூடாது என்று அக்கா அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். போடும்போது மனதின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது. அது என்ன என்று அப்போது அவள் நின்று பார்க்கவில்லை.

மேலாளர் காகிதத்தைப் படித்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்கதானே அது! பூசணி! மேடம், உங்க எழுத்துக்கு நீங்களே தடை போடலாமா?"

"பலகை கண்ணுக்குத் தெரியல சார். மாத்துங்க."

"இவ்வளவு பெரிசா இருக்கு, தெரியலன்னா எப்படி? உங்களுக்கும் உங்க தம்பிக்கும் ஏதாவதுன்னா வீட்டுல பேசித் தீர்த்துக்கணும் மேடம். எங்க ஆலை என்ன பாவம் பண்ணுச்சு?"

அவர் சும்மா இருக்கவில்லை. அன்றைக்கே மேலிடத்துக்குப் புகார் போய்விட்டது. குடும்பச் சண்டையை மனதில் வைத்து ஆலையை மூடுகிறார் என்று. பெரிய அதிகாரி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார்.

"உக்காருங்கம்மா. உங்க வேலையைப் பத்தி எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அந்த வீடியோவை நானும் பார்த்தேன்" என்றார். பார்த்ததை நினைத்து உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கப் பேனாவை எடுத்து மூடியை மாட்டினார். "வெளியில என்ன பேசுவாங்கன்னு யோசிங்க. உங்க தம்பியே வந்து, இந்த எழுத்து இதுக்கு ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. இல்லன்னா வேற ஒருத்தரை அனுப்பி மறுபடி பார்க்கச் சொல்லணும்."

வேறொருவர் போவார், டீ குடிப்பார், கையெழுத்துப் போடுவார். அது அக்காவுக்குத் தெரியும். யார் முகத்தில் விழிக்கக் கூடாது என்று இத்தனை நாள் இருந்தாளோ அவனிடமே போய் நிற்க வேண்டும்.

மத்தியானம் அவன் ஸ்டுடியோவுக்குப் போனாள். தம்பி துள்ளி எழுந்தான். "பூசணி! வா வா, எத்தனை நாளாச்சு!" நாற்காலியில் இருந்த காகிதங்களைத் தள்ளினான். அப்போதுதான் அக்கா பார்த்தாள். சுவரோரம் பச்சைப் பலகைகள் சாய்ந்து நின்றன. எல்லாவற்றிலும் பூசணி எழுத்தில் அவசர வழி.

"இதை நீயா செஞ்சே?"

"மொத்த வேலையும் நம்மகிட்டதான். எதுலயும் வேற எழுத்தே வரக்கூடாதுன்னு மேலாளர் சொல்லிட்டார். ஏன், என்ன?"

அவள் நடந்ததைச் சொன்னாள். தம்பியின் முகம் மெல்ல மெல்ல இறங்கியது. கடைசியில் அவன் கேட்டது அடிபட்ட பெண்ணைப் பற்றி இல்லை.

"அப்போ அந்த நோட்டீஸ் விட்டது நீயா? அவங்க என்னோட பெரிய கஸ்டமர். எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அன்னைக்கு மேடையில நின்னு என்னடா சொன்னே? சீரியஸா எதையும் இவகிட்ட கொடுக்காதீங்கன்னு. அப்புறம் எப்படி இதைக் கதவுக்கு மேல மாட்டினே?"

"அது ஜோக்கு பூசணி."

"ஜோக்குதான். ஆனா உண்மையும் அதுதானே? ஆகாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

தம்பி எழுந்து ஜன்னல் பக்கம் போனான். இன்னும் லேசாகக் காலை இழுத்துதான் நடந்தான். "உனக்கு அந்த விழாவுல இருந்தே என்மேல கோபம். போனை எடுக்கல, வீட்டுக்கு வந்தா குளிக்கப் போயிடுற. அந்தக் கோபத்தைத்தான் இப்படிக் காட்டுற."

மேலாளர் சொன்னதும் இதையேதான். அக்காவுக்குச் சுருக்கென்றது. கையெழுத்துப் போட்டபோது எட்டிப் பார்த்த அந்தத் திருப்தி ஞாபகம் வந்தது. இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை.

"இருக்கலாம். கோபம் இருக்குதான்" என்றாள். "எனக்குக் கோபம் இல்லாட்டியும் அந்தப் பொண்ணு கை உடைஞ்சுதான் இருக்கும்."

"பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கணும். நீ சிரிச்சியே! முன்னாடி உக்காந்து எல்லாரையும்விடச் சத்தமா நீதான் சிரிச்சே!"

"நான் எப்படா சிரிக்காம இருந்திருக்கேன்?" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அந்த வாளி தூக்குற படம் இருக்கே, அன்னைக்கு எனக்கு முதுகு விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. உன்னைத் தூக்கித் தூக்கி வந்த வலி. நீ பயந்துடக் கூடாதேன்னு சிரிச்சேன். நீ அதைப் படம் பிடிச்சு ஊருக்கே காட்டி, பாருங்க எப்படி ஆடிக்கிட்டு வர்றான்னு சொன்னே."

தம்பி திரும்பாமலே சொன்னான்: "கிண்டலுக்கு வரையல. அங்க படுத்துக் கிடந்தப்ப, இனிமே நடக்கவே முடியாதோன்னு எனக்கு உயிரே போயிடும். நீ உள்ள வருவே. வந்தாதான் மூச்சு வரும். அந்த ஒண்ணைத்தான் வரைஞ்சேன்."

அக்கா அதை நம்பினாள். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் சங்கடம். கிண்டல் என்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். பாசத்தில் செய்ததை என்ன செய்வது? யாரிடம் போய்ச் சொல்வது?

"நாளைக்குக் காலையில ஆலைக்கு வா" என்றாள். "வந்து நீயே பாரு. அப்புறம் உன் இஷ்டம்."

வருவானா என்று அவளுக்கு நிச்சயமில்லை. வந்தான். பேக்கிங் கூடம் காலியாக, இயந்திரங்கள் நின்றுபோய், வெறிச்சென்று இருந்தது. ஒரு கோடியில் அவனை நிறுத்தி, விளக்கைக் குறைக்கச் சொன்னாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதே" என்றான் தம்பி. மேலாளர் உற்சாகமாகத் தலையாட்டினார்.

"உனக்குத் தெரியும். பெத்தவனுக்குப் பிள்ளை முகம் இருட்டுலயும் தெரியும்" என்றாள் அக்கா. கையில் கட்டோடு கூடத்துக்கு வெளியே உட்கார்ந்து லேபிள் பிரித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். "அன்னைக்கு ஏம்மா அந்தக் கதவுக்குப் போகல?"

அந்தப் பெண் மேலாளரைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். "கதவுன்னு தோணல மேடம். எங்க திரும்பினாலும் அதே எழுத்துதான். நாள் முழுக்க அதைத்தானே அடுக்குறோம். மேல இருந்ததும் பிஸ்கட் பேர்தான்னு நினைச்சேன்."

"படிக்கத் தெரியுமா உனக்கு?" என்றார் மேலாளர்.

"தெரியும் சார். ஆனா படிக்கணும்னு தோணலையே." எதிரே நிற்கிறவன்தான் அதை வரைந்தவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவனைப் பார்த்து, "எழுத்து அழகா இருக்கு சார். என் பொண்ணுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றாள். அவனைத் தேற்றுகிற மாதிரி.

தம்பி அந்தக் கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெரிய அதிகாரிக்குப் போன் போட்டுக் கொடுக்கும்படி அவனாகவே அக்காவைக் கேட்டான். இந்த எழுத்து எச்சரிக்கைப் பலகைக்கு ஆகாது, அது தெரிந்தும் தான் செய்து கொடுத்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பாமல் விடுவிடுவென்று வெளியே போய்விட்டான்.

பலகைகள் மாறின. தொந்தி இல்லாத, குதிக்காத, சாதாரண எழுத்து. இரண்டாவது ஒத்திகையில் பெண்கள் கதவைக் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி மட்டும் பழக்கதோஷத்தில் பெரிய வாசல் பக்கம் போய்த் திரும்பி வந்தாள். அக்கா அனுமதி கொடுத்தாள். பெரிய அதிகாரி, "நல்லபடியா முடிஞ்சுதே" என்றார். அதோடு சரி.

பிஸ்கட் ஆலை தன் வேலையெல்லாம் வேறொருவரிடம் கொடுத்துவிட்டது. அந்தச் செய்தி அம்மாவுக்கு எப்படியோ வந்து சேர்ந்தது.

"கூடப்பிறந்தவன் வயித்துல அடிச்சுட்டியேடி" என்றாள். "அவன் உன் பேரை உலகத்துக்கே தெரிய வெச்சான்."

"அது என் பேர் இல்லம்மா. நீ வெச்ச பேர்."

"ஆசையா வெச்சேன்."

"தெரியும்மா." அம்மா அன்று சாப்பிடவில்லை. அக்காவும்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு வந்தான். அம்மாவுக்கு முட்டியில் தேய்க்கத் தைலம் வாங்கி வந்திருந்தான். அம்மா தூங்கப் போனதும் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, எதிரே உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து அவனும் மடித்தான். கோணலாக மடித்தான்.

"அந்தப் படத்தையெல்லாம் எடுத்துட்டேன். இனிமே எங்க பேசினாலும் காட்டமாட்டேன்" என்றான். "போட்டவங்ககிட்டச் சொல்லி வீடியோவையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தாங்க. ஆனா மத்தவங்க போன்ல இருக்குறதை ஒண்ணும் பண்ண முடியல."

"ம்."

"எழுத்தோட பேரை மாத்த முடியாது. வித்தாச்சு. இப்ப அது என் கையில இல்ல."

"தெரியும்."

"வேற என்ன பண்ணணும்னு சொல்லு. செய்யறேன்."

அக்கா மடித்த துணிகளை அடுக்கினாள். அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "என்னை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதே. அக்கான்னு கூப்பிடு. அது போதும்."

"அவ்வளவுதானே? சரி, பூ..." என்றவன் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான். மறுபடி வாயைத் திறந்தான். அக்கா காத்திருந்தாள். மூன்றே எழுத்துள்ள அந்தச் சொல் அவனுக்கு வரவில்லை. வாழ்நாளில் ஒருதரம்கூடச் சொல்லிப் பழகாத சொல். இந்த வயதில் சொன்னால் யாரோ அந்நியப் பெண்ணைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும் என்று தோன்றியதோ என்னவோ. முகம் சிவந்து, துண்டைக் கீழே வைத்துவிட்டு, "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்" என்று எழுந்துபோனான்.

அன்றிலிருந்து அவன் அவளை எப்படியும் கூப்பிடுவதில்லை. வீட்டுக்கு வந்தால் நேராக அவள் எதிரே வந்து நின்றுகொண்டு பேசத் தொடங்குவான். அவள் வேறு அறையில் இருந்தால், அம்மாவை விட்டுக் கூப்பிடச் சொல்வான். போன் பண்ணினால், "நான்தான்" என்பான். "சொல்லுடா" என்பாள் அவள். பிறகு இரண்டு பேரும் அம்மாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசுவார்கள்.